இரண்டாவது குடை!



அச்சன்புதூரில் கூட்டம் முடிந்து மேடையை விட்டு இறங்கினேன். மேற்கு மலை முகட்டிலே மேகம் கவிந்திருந்தது. குற்றாலத்துச் சாரல் காற்றோடு வந்து கன்னத்தைத் தொட்டது. மாலைகளைத் தோழர் ஒருவர் கையிலே கொடுத்துவிட்டுத் திரும்பினேன். எதிரே ஒரு முதியவர். வெள்ளை வேட்டி, மடிப்புக் கலையாத சட்டை, கையிலே குடை, கக்கத்திலே காகிதக் கட்டு. முப்பத்து நான்கு ஆண்டுகள் ஊர்ப் பிள்ளைகளுக்கு எழுத்தறிவித்து ஓய்வு பெற்ற ஆசிரியர்.

"தம்பி! உலக வரலாறெல்லாம் ஒரு மணி நேரம் பேசினீர்கள். இந்தக் காகிதத்தைப் பற்றி ஒரு நிமிடம் பேசுவீர்களா?" என்று கேட்டார்.

வாங்கிப் பார்த்தேன். வழவழப்பான தாள். சிரிக்கும் கிழவரும் சிரிக்கும் கிழவியும் படத்திலே. தனியார் நிறுவனத்தின் மருத்துவக் காப்பீட்டு விளம்பரம்.

"என் தங்கை மகன் முகவராக இருக்கிறான். 'மாமா, அரசாங்கக் காப்பீடு போதாது. அதற்கு மேலே இதையும் எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு கையெழுத்து, கவலை தீர்ந்தது' என்கிறான். போடலாமா ஐயா, அந்தக் கையெழுத்தை?"

கல்லூரிப் படிப்பைப் பாதியிலே விட்டவன் நான். கணக்குப் பாடம் என்றால் காத தூரம் ஓடியவன். நாடகத்துக்கு வசனம் கேட்டிருந்தால் நின்ற இடத்தில் சொல்லியிருப்பேன். இதற்கு ஒரு வாரம் தவணை கேட்டேன். படித்தேன், அறிந்தவர்களிடம் கேட்டேன். கேட்டவர் ஒருவர், கேட்க நினைத்தும் கேளாதிருப்போர் பல்லாயிரவர். ஆகவே அவருக்குரிய பதிலை உங்கள் அனைவர் முன்னும் வைக்கிறேன்.

முதலில், அவர் கையில் ஏற்கெனவே உள்ள குடையைப் பார்ப்போம். தமிழ்நாடு அரசின் ஓய்வூதியர்களுக்கான புதிய மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் 2022 ஜூலை 1 முதல் 2026 ஜூன் 30 வரை, நான்கு ஆண்டுகளுக்கென வகுக்கப்பட்டது. மாதந்தோறும் ஓய்வூதியத்தில் 497 ரூபாய் பிடித்தம். ஓய்வூதியருக்கும் அவர்தம் துணைவருக்கும் சேர்த்து 5 லட்சம் ரூபாய் வரை காப்பு. குறிப்பிட்ட சில கொடிய நோய்களுக்கு 10 லட்சம் வரை. நல்ல திட்டம்தான். நோயுற்றவரை 'உனக்கு முன்பே நீரிழிவு உண்டா?' என்று குறுக்கு விசாரணை செய்து வாசலிலே நிறுத்தாத திட்டம். இதைக் கைவிட்டு வேறொன்றைத் தேடுவோர், கூரையைப் பிரித்துக் குடை செய்கிறவர்களே!

ஆயின், 5 லட்சம் என்பது ஆண்டுக்கன்று. நான்கு ஆண்டுகளுக்கும் சேர்த்து. வகுத்துப் பாருங்கள்: கணவன் மனைவி இருவருக்குமாக ஆண்டுக்கு 1,25,000 ரூபாய். இங்கேதான் குடையிலே கிழிசல் இருக்கிறது. இரண்டாவது குடை வாங்குகிறவர் இந்தக் கிழிசலை அளந்துவிட்டு வாங்க வேண்டும். கடைக்காரர் புகழும் கைப்பிடியைப் பார்த்து வாங்கலாகாது.

ஆசிரியர் காட்டிய காகிதத்திலே இருந்தது 'சூப்பர் டாப்-அப்' என்னும் வகை. ஓராண்டில் மருத்துவச் செலவு 5 லட்சத்தைத் தாண்டினால், தாண்டிய தொகையை நிறுவனம் தரும். கேட்க இனிக்கிறது. அரசு தருவது 5 லட்சம், அதற்கு மேல் நிறுவனம். அடுக்கு மாளிகை போல் அழகாக அமைந்துவிட்டதே என்று தோன்றுகிறது. இதோ, அந்த மாளிகையிலே ஒரு காட்சி நடத்திக் காட்டுகிறேன்.

முதலாண்டு: ஆசிரியருக்கு ஓர் அறுவைச் சிகிச்சை. செலவு 4,50,000. அரசுக் காப்பீடு கொடுத்துவிடுகிறது. மகிழ்ச்சி. இரண்டாம் ஆண்டு: அம்மையார் வழுக்கி விழுகிறார், இடுப்பெலும்பு முறிவு, செலவு 3 லட்சம். அரசுத் திட்டத்திலே மிச்சமிருப்பது 50,000. "மீதி எங்கே?" என்று நிறுவனத்தைக் கேட்கிறார் ஆசிரியர். நிறுவனம் என்ன சொல்லும்? "ஐயா, இந்த ஆண்டின் செலவு 3 லட்சம்தானே? 5 லட்சத்தைத் தாண்டவில்லையே! தாண்டட்டும், தருகிறோம்."

முதற்குடை நனைந்து கிழிந்தது. இரண்டாம் குடை விரிய மறுக்கிறது. நடுவிலே நின்று 2,50,000 ரூபாய்க்கு நனைகிறவர் முதியவர்! நிறுவனம் ஏமாற்றவில்லை, தோழர்களே. எழுதியபடிதான் நடக்கிறது. அரசின் கணக்கு நான்காண்டுக் கணக்கு. நிறுவனத்தின் கணக்கு ஓராண்டுக் கணக்கு. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க எவரும் முதியவருக்குச் சொல்லவில்லை.

ஆகவே ஆசிரியருக்கு என் முதற்பதில்: இரண்டாவது காப்பீடு எடுங்கள், ஆனால் 5 லட்சம் தாண்டினால்தான் திறக்கும் கதவை வாங்காதீர்கள். எத்தனை ரூபாயை உங்கள் சேமிப்பிலிருந்து ஒரே நாளில் எடுத்து வைக்க முடியுமோ, அந்த அளவே வாசற்படியின் உயரமாக இருக்கட்டும். படி தாழ்ந்தால் சந்தா உயரும், உண்மை. ஏற முடியாத படியைக் குறைந்த விலைக்கு வாங்கி என்ன பயன்?

அறை வாடகை வரம்பையும் பாருங்கள். நாளொன்றுக்கு 3,000 ரூபாய் வரம்பு என்றிருக்க, 6,000 ரூபாய் அறையிலே படுத்தால், வாடகையிலே பாதி மட்டும் போகும் என்று எண்ணுகிறோம். பல ஒப்பந்தங்களில் மருத்துவர் கட்டணம், அறுவைக் கட்டணம் ஆகியவையும் அதே விகிதத்தில் பாதியாகிவிடும். ஒரு சன்னலும் ஒரு சாய்வு நாற்காலியும் கூடுதலாகக் கேட்டதற்கு இத்தனை தண்டம்!

அடுத்து, மறைக்காதீர்கள். "சர்க்கரை நோயைப் பற்றி எழுத வேண்டாம் மாமா, சந்தா கூடும்" என்று மருமகன் சொல்லக்கூடும். நோயை மறைத்து எடுத்த காப்பீட்டில் பணம் தர மறுத்தது சரியே என்று உச்ச நீதிமன்றம் 2009இல் தீர்ப்பளித்தது. அதே நீதிமன்றம் 2021இல், நோயை அறிவித்தவரின் உடல்நிலையை ஆய்ந்து காப்பீடு வழங்கிய பின், அறிவித்த அந்த நோயையே காரணம் காட்டி மறுப்பது ஆகாது என்றும் சொல்லிற்று. உண்மை எழுதியவனுக்கு நீதிமன்றம் துணை; மறைத்தவனுக்கு மருமகனும் துணையில்லை.

2024 ஏப்ரலில் நடப்புக்கு வந்த ஒழுங்குமுறை ஆணையத்தின் விதிகள் முதியோர்க்குச் சில பிடிமானங்களைத் தந்துள்ளன. 65 வயதைக் கடந்தவர்க்குப் புதுக் காப்பீடு இல்லை என்ற பழைய வேலி அகன்றது. ஆயினும் ஏற்பதும் மறுப்பதும் நிறுவனத்தின் கையில்தான். முன்பே உள்ள நோய்க்கு நான்கு ஆண்டுவரை காத்திருக்கச் சொன்னது மூன்றாண்டாகக் குறைந்தது. பத்திரம் கைக்கு வந்து 30 நாள்களுக்குள் பிடிக்கவில்லையென்றால் திருப்பித் தரலாம். 2025 ஜனவரியில், 60 வயது கடந்தோரின் சந்தாவை ஆணையத்தைக் கலக்காமல் ஆண்டுக்கு 10 விழுக்காட்டுக்கு மேல் உயர்த்தக் கூடாது என்று உத்தரவாயிற்று. அதே ஆண்டு செப்டம்பர் 22 முதல் தனிநபர் மருத்துவக் காப்பீட்டின் மீதிருந்த 18 விழுக்காடு சரக்கு-சேவை வரி நீங்கியது. மறுக்கப்பட்டால் ஓராண்டுக்குள் சென்னையிலுள்ள காப்பீட்டு முறைமன்ற நடுவரிடம் கட்டணமின்றி முறையிடலாம். இவற்றை அறிந்தவன் முன்னே எந்த முகவரும் இன்னும் கொஞ்சம் பணிவாகவே பேசுவான்.

"இத்தனை தொல்லை ஏன்? முதுமைக்கு இரண்டு குடை எதற்கு?" என்று கேட்பீர்கள். இந்த நிலை நமக்கு மட்டும் உரியதன்று. 1965 ஜூலை 30 அன்று அமெரிக்கக் குடியரசுத் தலைவர் ஜான்சன், முதியோர்க்கான 'மெடிகேர்' சட்டத்திலே கையெழுத்திட்டார்; முன்னாள் தலைவர் ட்ரூமனின் ஊருக்கே சென்று, அவர் முன்னிலையில் ஒப்பமிட்டு, முதல் அட்டையையும் அவருக்கே வழங்கினார். மாண்புமிக்க காட்சி! ஆனால் அந்தத் திட்டத்திலே மருத்துவர் கட்டணத்தில் ஏறத்தாழ 80 விழுக்காடுதான் அரசு தரும். மீதி 20 முதியவர் பொறுப்பு. அந்த இடைவெளியிலே ஒரு வணிகமே முளைத்தது. அதன் பெயரே 'இடைவெளிக் காப்பீடு' என்னும் பொருள்படும் 'மெடிகேப்'. 65 வயதாகி அரசுத் திட்டத்தில் சேர்ந்த ஆறு மாதத்துக்குள் வாங்கினால் கேள்வியில்லை. தவறினால் பெரும்பாலான மாநிலங்களில் நோயைக் காட்டி மறுக்கலாம். அரசு எங்கே நிறுத்துகிறதோ, அங்கே வணிகன் கடை போடுகிறான். அமெரிக்காவிலும் அப்படி, அச்சன்புதூரிலும் அப்படி!

இப்போது அரசியலுக்கு வருகிறேன். இதுவரை சொன்னது ஆசிரியர் செய்ய வேண்டியது. அரசு செய்ய வேண்டியது என்ன?

2009 ஜூலை 23 அன்று தமிழகத்தில் ஏழைகளுக்கான உயிர்காக்கும் உயர் சிகிச்சைக் காப்பீடு தொடங்கியபோது, ஒரு குடும்பத்துக்கு நான்கு ஆண்டுகளுக்குச் சேர்த்து 1 லட்சம் ரூபாய் என்றே இருந்தது. 2012இல் அது ஆண்டுக்கு 1 லட்சமாயிற்று. பின்னர் ஒன்றிய அரசின் திட்டத்தோடு இணைந்து, குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் வரை வளர்ந்தது. அச்சன்புதூர்த் திண்ணையிலே பீடி சுற்றும் தாய்க்கு ஆண்டுதோறும் 5 லட்சம் வரை பாதுகாப்பு என்றால், நெஞ்சு நிறைந்து வாழ்த்துகிறோம். அவள் பிள்ளைக்குப் பாடம் சொன்ன ஆசிரியர், மாதம் 497 வீதம் நான்காண்டில் 23,856 ரூபாயைத் தம் ஓய்வூதியத்திலிருந்து செலுத்துகிறார். அவருக்கு மட்டும் ஏன் நான்காண்டுக்கு 5 லட்சம்? ஏழைக்கு நான்காண்டுக் கணக்கு ஓராண்டுக் கணக்காக மாற்றப்பட்டது போல, ஓய்வூதியருக்கும் மாற்றப்பட வேண்டும். ஒப்பந்தம் எழுதப்படும் ஒவ்வொரு முறையும் நாம் எழுப்ப வேண்டிய கோரிக்கை இது. கிழிசலைத் தைத்துவிட்டால், இரண்டாவது குடைக்கு அலைய வேண்டியதில்லை.

உரிமை என்ற சொல்லை நான் மேடைக்காகச் சொல்லவில்லை. ஓய்வு பெற்ற மத்திய அரசு அதிகாரி ஒருவர், அவசரத்தில் பட்டியலில் இல்லாத மருத்துவமனையில் சேர்ந்தார். 'பட்டியலில் இல்லையே' என்று பணத்தைக் குறைத்தார்கள். 2018 ஏப்ரல் 13 அன்று உச்ச நீதிமன்றம், பட்டியலில் மருத்துவமனையின் பெயர் இல்லை என்பது ஒன்றையே காரணமாக்கி உரிமையை மறுக்கலாகாது, சிகிச்சை உண்மையில் நடந்ததா என்பதே கேள்வி என்று அறிவித்தது. மாரடைப்பு வந்தவன் பட்டியலைப் புரட்டிக்கொண்டா இருப்பான்? தென்காசி அரசுத் தலைமை மருத்துவமனைக்கோ, அதற்கப்பால் திருநெல்வேலிக்கோ ஓடும் ஊர்தியிலே உயிரைப் பிடித்துக்கொண்டல்லவா இருப்பான்!

சுரங்கத்திலே நிலக்கரி வெட்டிய அனூரின் பெவன், பிரிட்டனின் அமைச்சராகி, 1948 ஜூலை 5 அன்று எல்லோர்க்கும் பொதுவான மருத்துவப் பணியைத் தொடங்கி வைத்தார். அங்கே நோயாளி முதலில் எடுத்துக் காட்ட வேண்டியது காப்பீட்டுப் பத்திரமன்று, நோவைத்தான். அந்த நாள் இங்கும் வரவேண்டும் என்று உழைப்போம். வரும்வரை, முதியவர்கள் நனையாதிருக்க வேண்டுமே!

ஒரு வாரம் கழித்து ஆசிரியருக்கு இவற்றையெல்லாம் தொலைபேசியிலே சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். "அப்படியானால் மருமகனை வரச் சொல்கிறேன். இந்தக் காகிதத்தை வேண்டாமென்பேன். படி தாழ்ந்த வேறொன்று கொண்டுவரச் சொல்வேன். நீரிழிவை நானே என் கையால் எழுதுவேன்" என்றவர், சற்று நிறுத்திக் கேட்டார்: "தம்பி, அந்த ஓராண்டுக் கணக்கு... அதற்கும் மனு எழுத வேண்டுமல்லவா? எழுதி அனுப்புகிறேன், நீங்கள் திருத்தித் தாருங்கள்."

ஆசிரியரின் மனுவைத் திருத்த நான் யார்? கீழே முதற் கையெழுத்துப் போடும் தகுதி மட்டும் உண்டு. இரண்டாவது கையெழுத்து உங்களுடையதாகட்டும்!