பேஸ்மென்ட்டில் டவர் கிடைக்காது

ஒரு அடுக்குமாடிக் கட்டடம் நிறைவுச் சான்றிதழ் வாங்குவதற்குள் எத்தனையோ பேர் வந்து அளந்து பார்த்துவிடுகிறார்கள். பக்கவாட்டு இடைவெளி, உயரம், மாடிப்படியின் அகலம், தண்ணீர்த் தொட்டியின் கொள்ளளவு, தீயணைப்புக் குழாயின் அழுத்தம், மழைநீர்ச் சேகரிப்புக் குழி என்று எல்லாவற்றுக்கும் கணக்கு உண்டு. இரண்டாவது பேஸ்மென்ட்டில் நின்றுகொண்டு ஒரு போன் பேச முடிகிறதா, தீயணைப்பு வீரரின் வாக்கிடாக்கி அங்கே வேலை செய்கிறதா என்று மட்டும் பார்ப்பதில்லை. பார்க்கச் சொல்லி நாமும் கேட்டதில்லை. நாம் என்று நான் சொல்வது கட்டடத் தொழிலில் இருக்கும் என்னைப் போன்ற பொறியாளர்கள், வரைபடம் போடும் ஆர்க்கிடெக்டுகள், பில்டர்கள், கடன் வாங்கி வீடு வாங்குகிறவர்கள், குடியிருப்போர் சங்கத்தை நடத்துகிறவர்கள் எல்லோரையும் சேர்த்துத்தான். இந்தத் தவறில் பங்கில்லாதவர் இந்த வரிசையில் ஒருவரும் இல்லை.

தெரியாமல் செய்தோம் என்றும் சொல்ல முடியாது. லிஃப்ட் கதவு மூடியதும் பேச்சு அறுந்துபோவது எல்லோருக்கும் தெரியும். காரை நிறுத்தப் போகும்போது "இரு, கீழே போறேன், கட் ஆகிடும், மேல வந்து கூப்பிடறேன்" என்று சொல்லாதவர் யார்? அந்த ஒரு வாக்கியத்தோடு நாம் விஷயத்தை முடித்துக்கொண்டோம். அதை ஒரு அசௌகரியமாகப் பார்த்தோமே தவிர, ஆபத்தாகப் பார்க்கவில்லை.

சென்னையில் ஓ.எம்.ஆர். எனப்படும் பழைய மகாபலிபுரம் சாலையை ஒட்டிய ஒரு குடியிருப்பில் அண்மையில் போனைக் கையில் பிடித்தபடி கீழே இறங்கிப் பார்த்தேன். கேட் அருகே சிக்னல் முழுசாக இருந்தது. ராம்ப் வளைகிற இடத்தில் பாதியானது. முதல் பேஸ்மென்ட்டில் எதிர்முனைக் குரல் துண்டு துண்டாக வந்தது. இரண்டாவது பேஸ்மென்ட்டில் கால் வைத்ததும் 'சேவை இல்லை' என்று திரை சொல்லிவிட்டது. அந்தத் தளத்தில்தான் பம்ப் அறை, மின்சாரப் பேனல் அறை, கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையம் எல்லாம் இருக்கின்றன. பம்ப் ஆபரேட்டர் இரவு முழுக்கத் தனியாக அங்கே வேலை பார்க்கிறார். அவசரம் என்றால் யாரைக் கூப்பிடுவீர்கள் என்று கேட்டேன். "மேல ஓடி வந்துதான் சார் சொல்லணும். கீழ டவர் எடுக்காது, எப்பவுமே அப்படித்தான்" என்றார். அவர் அதைக் குறையாகச் சொல்லவில்லை. வேலையின் இயல்பு அது என்று ஏற்றுக்கொண்டிருந்தார்.

கழிவுநீர்த் தொட்டியில் சேரும் ஹைட்ரஜன் சல்பைடு வாயு அதிக அளவில் ஏறினால் சில மூச்சிலேயே ஆளைச் சாய்த்துவிடும். மேலே ஓடி வரக் கால்கள் இருக்காது. அந்த மனிதரை அங்கே உட்கார வைத்தவர்கள் நாம். நமக்கு வண்டி நிறுத்த இடம் வேண்டும், மேலே புல்வெளி வேண்டும், நாற்றம் எட்டக் கூடாது. ஆகவே கட்டடத்தின் ஆபத்தான உறுப்புகளை எல்லாம் பூமிக்கு அடியில் தள்ளினோம். தள்ளிய இடத்தில் சிக்னல் இருக்கிறதா என்று கேட்கவில்லை.

ரேடியோ அலை ஏன் உள்ளே வருவதில்லை என்பதில் மர்மம் ஏதுமில்லை. கான்கிரீட்டுக்குள் நெருக்கமாகக் கட்டிய கம்பி, பேஸ்மென்ட்டைச் சுற்றித் தாங்கும் சுவர், அதற்கு வெளியே ஈர மண், தலைக்கு மேல் அடுக்கடுக்காகத் தளங்கள். ஒவ்வொன்றும் அலையின் பலத்தைக் குறைக்கிறது. இருபது டெசிபல் குறைந்தால் நூறில் ஒரு பங்குதான் மிஞ்சும். லிஃப்ட் என்பது நாலாபுறமும் இரும்புத் தகடு. அலுவலகக் கட்டடங்களுக்கு நாம் விரும்பிப் போடும் கண்ணாடியில் மெல்லிய உலோகப் படலம் பூசியிருக்கிறார்கள். அது வெயிலைத் தடுக்கிறது, ஏசி செலவைக் குறைக்கிறது, ரேடியோ அலையையும் தடுக்கிறது. முதல் இரண்டுக்கும் விளம்பரம் செய்தோம். மூன்றாவதை வாடிக்கையாளரிடம் யாரும் சொல்வதில்லை.

இதில் இரண்டு விஷயங்களைப் பிரித்துப் பார்க்க வேண்டும். குடியிருப்பவரின் கையில் இருப்பது மொபைல். அது வெளியே எங்கோ இருக்கும் கோபுரத்தை நம்பி இருக்கிறது. உள்ளே வரும் தீயணைப்பு வீரரின் கையில் இருப்பது வாக்கிடாக்கி. அது மொபைல் நிறுவனத்தைச் சாராதது. ஆனால் இரண்டுக்கும் தடை ஒரே கான்கிரீட்தான். தீ பேஸ்மென்ட்டில் பிடித்தால் வீரர் அங்கேதான் இறங்க வேண்டும், சிக்னல் மிக மோசமான இடமும் அதுதான். 2011 டிசம்பர் 9 அதிகாலையில் கொல்கத்தாவின் ஆம்ரி மருத்துவமனையில் தீ தொடங்கியது பேஸ்மென்ட்டில். புகை மேல் தளங்களுக்கு ஏறி, படுக்கையில் இருந்த நோயாளிகள் உட்பட சுமார் தொண்ணூறு பேர் இறந்தார்கள். அதற்குப் பிறகு பேஸ்மென்ட்டில் என்னென்ன வைக்கக் கூடாது என்று நாடு முழுக்கப் பேசினோம். அங்கே இறங்கும் ஆள் மேலே இருப்பவரோடு எப்படிப் பேசுவார் என்ற பேச்சு எழுந்ததாக எனக்கு நினைவில்லை.

நம்மைவிடப் பணமும் ஒழுங்கும் கூடிய ஊர்களும் இந்த அலட்சியத்துக்கு விலை கொடுத்திருக்கின்றன. லண்டன் கிங்ஸ் கிராஸ் சுரங்க ரயில் நிலையத்தில் 1987 நவம்பர் 18 அன்று மர எஸ்கலேட்டரில் பிடித்த தீயில் 31 பேர் இறந்தார்கள். பூமிக்கடியில் மீட்புப் படையினர் ரேடியோவில் பேச முடியாமல் இருப்பதைச் சரிசெய்ய வேண்டும் என்று அடுத்த ஆண்டு வந்த விசாரணை அறிக்கை சொன்னது. 2005 ஜூலை 7 அன்று அதே சுரங்கப் பாதைகளில் ஓடிய மூன்று ரயில்களிலும் ஒரு பேருந்திலும் குண்டு வெடித்து 52 பேர் கொல்லப்பட்டபோது, ரயில்வே போலீஸ் தவிர மற்றவர்களுக்குப் பூமிக்கடியில் ரேடியோவில் பேசும் வசதி வந்து சேரவே இல்லை. கீழே நடப்பதை மேலே சொல்ல ஆள் ஓட வேண்டியிருந்தது. பதினெட்டு ஆண்டுகள் கழித்தும் இந்த நிலை ஏற்கத்தக்கதல்ல என்று லண்டன் பேரவையின் குழு மறு ஆண்டு எழுதியது. ஓ.எம்.ஆர். பேஸ்மென்ட்டில் அந்த பம்ப் ஆபரேட்டர் எனக்குச் சொன்ன வழியும் அதே ஓட்டம்தான்.

நியூயார்க் இதைவிட வேதனை. உலக வர்த்தக மையத்தில் 1993இல் குண்டு வெடித்தபோதே உயர்ந்த கோபுரங்களுக்குள் தீயணைப்பு ரேடியோ எடுபடவில்லை என்பது தெரிந்துபோனது. அதன்பின் அலையை வாங்கிப் பலப்படுத்தி அனுப்பும் ரிப்பீட்டர் கருவி ஒன்றை அந்த வளாகத்தில் வைத்தார்கள். 2001 செப்டம்பர் 11 அன்று அந்தக் கருவி இருந்தது, அதை இயக்கவும் செய்தார்கள். ஆனால் கட்டுப்பாட்டுப் பலகையில் அழுத்த வேண்டிய இரண்டு பொத்தான்களில் ஒன்று அழுத்தப்படவில்லை. வடக்குக் கோபுர வரவேற்புக் கூடத்தில் சோதித்துப் பார்த்த அதிகாரிகள் கருவி பழுது என்று முடிவு செய்து அதை விட்டுவிட்டார்கள். தெற்குக் கோபுரத்தில் அதே அலைவரிசையில் பேசிக்கொண்டே வீரர்கள் 78ஆம் மாடிவரை ஏறியிருக்கிறார்கள். தெற்குக் கோபுரம் 9.59க்கு விழுந்தது. வடக்கு விழுந்தது 10.28க்கு. இடையில் 29 நிமிடங்கள். வெளியேறச் சொன்ன உத்தரவு வடக்கில் இருந்த பலரை எட்டவில்லை. சிலரிடம் ரேடியோவே இல்லை, சிலர் வேறு அலைவரிசையில் இருந்தார்கள், சிலர் கேட்டும் மற்றவருக்காக நின்றார்கள். எல்லாவற்றுக்கும் காரணம் ஒரு பொத்தான் என்று சொல்வது அநியாயம். ஆனாலும் விசாரணை ஆணையத்தின் அறிக்கையைப் படிக்கிறபோது அந்தப் பொத்தானைக் கடந்துபோக மனம் ஒப்புவதில்லை. அன்று நியூயார்க் தீயணைப்புத் துறை மட்டும் 343 பேரை இழந்தது.

அதன்பின் அமெரிக்காவில் விதி வந்தது. 2009ஆம் ஆண்டின் சர்வதேசத் தீத் தடுப்பு விதித் தொகுப்பு, புதுக் கட்டடத்தின் ஒவ்வொரு தளத்திலும் 95 விழுக்காடு பரப்பில் மீட்புப் படையினரின் ரேடியோ கேட்க வேண்டும் என்றது. தீயணைப்புப் பம்ப் அறை, வெளியேறும் படிக்கட்டு, கட்டுப்பாட்டு அறை போன்ற முக்கியமான இடங்களுக்கு 99 விழுக்காடு என்று இன்னொரு தரநிர்ணயம் சொல்கிறது. மின்சாரம் போனாலும் பல மணி நேரம் ஓடும் பேட்டரி வேண்டும், ஆண்டுதோறும் சோதிக்க வேண்டும். ஆண்டுச் சோதனை என்ற அந்த விதிதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது. கருவி இருப்பது வேறு, அன்றைக்கு வேலை செய்வது வேறு.

நம்மிடம் கருவியும் இல்லை, சோதனையும் இல்லை. நம் கட்டடங்களில் மொபைல் சிக்னலை நாம் எப்படி நடத்தினோம் என்று பார்த்தால் வெட்கமாக இருக்கிறது. பெரிய குடியிருப்புகளிலும் மால்களிலும் ஒரே ஒரு நிறுவனத்தோடு ஒப்பந்தம் போட்டு, மற்றவர்கள் கேபிள் இழுக்கக் கூடாது என்று கதவைச் சாத்தினோம். அதில் வந்த வாடகையைப் பராமரிப்பு நிதியில் சேர்த்துக்கொண்டோம். இப்படி ஒருவருக்கே கொடுப்பதைத் தடுக்க வேண்டும் என்று 2017 ஜனவரியில் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் அரசுக்குப் பரிந்துரை செய்தது. 112 என்ற அவசர எண்ணுக்கு மட்டும், நம் நிறுவனத்தின் சிக்னல் இல்லாவிட்டாலும் கிடைக்கிற வேறு சிக்னலில் போன் அழைத்துவிடும். ஆனால் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்கிற மனிதர் முதலில் கூப்பிடுவது மனைவியை, மகனை, எதிர்வீட்டுக்காரரை. அந்த அழைப்பு போகாது.

மொட்டை மாடியில் ஆன்டெனா வைக்க வந்தவர்களைக் கதிர்வீச்சு என்று சொல்லித் திருப்பி அனுப்பினோம். 2012 செப்டம்பரில் இந்தியா தன் கதிர்வீச்சு வரம்பைச் சர்வதேச வரம்பில் பத்தில் ஒரு பங்காகக் குறைத்ததை நாம் கவனிக்கவில்லை. சிக்னல் மங்கினால் நம் காதோரம் இருக்கும் போன்தான் கூடுதல் சக்தியோடு அலையை வீசும் என்பதையும் நாம் விசாரிக்கவில்லை. சிக்னல் வராதபோது ஆன்லைனில் மலிவு பூஸ்டர் வாங்கி மாட்டினோம். உரிமம் இல்லாமல் அதை வைப்பது குற்றம். அது தெருவில் உள்ள மற்றவர்களின் அழைப்பையும் கெடுக்கும். இன்னும் சிலர் வைஃபை காலிங் இருக்கிறதே என்று நிம்மதியானோம். தீ என்றதும் முதலில் செய்வது மெயின் சுவிட்சை அணைப்பது. அத்தோடு ரவுட்டரும் அணையும்.

2024 அக்டோபரில் டிராய், கட்டடங்களின் உள்ளே இணைப்பு எப்படி இருக்கிறது என்று நட்சத்திரத் தரம் கொடுக்க விதிமுறை வெளியிட்டது. நல்ல தொடக்கம். ஆனால் விருப்பப்பட்ட கட்டட உரிமையாளர் மட்டும் கேட்டு வாங்கிக்கொள்ளும் தரம் அது. மேலும் அது குடியிருப்பவரின் இணைப்பைப் பற்றியது, தீயணைப்பு வீரரின் வாக்கிடாக்கியைப் பற்றியது அல்ல. அவருக்காகப் பேச வேண்டியவர்கள் நாம். நம் கட்டடத்துக்குள் நம்மைக் காப்பாற்றத்தானே அவர் இறங்குகிறார்.

ஏன் இத்தனை காலம் விட்டோம் என்று கேட்டால், ஆளுக்கு ஒரு திசையில் கை காட்டினோம் என்பதுதான் பதில். அது எலெக்ட்ரிக்கல் கன்சல்டன்ட் வேலை என்றார் ஆர்க்கிடெக்ட். அது டெலிகாம் கம்பெனி விஷயம் என்றார் கன்சல்டன்ட். விதியில் இல்லாததை நான் ஏன் செய்ய வேண்டும் என்றார் பில்டர். வாங்குகிறவர் நீச்சல் குளத்தைப் பார்த்தார். சங்கம் பெயின்ட் அடிக்கப் பணம் ஒதுக்கியது. பொறியாளர்களான எங்கள் பொறுப்பு இதில் ஒரு படி கூட. கம்பி கட்டும் நெருக்கத்தை மில்லிமீட்டரில் கணக்கிடும் நாங்கள், அந்தக் கம்பி வலை அலையை என்ன செய்யும் என்று கல்லூரியில் படித்தும் மறந்தோம். கட்டும்போதே ஒவ்வொரு தளத்துக்கும் ஒரு செங்குத்துக் குழாய் வழி விட்டிருந்தால், பின்னால் அலையைக் கசியவிடும் கேபிளை இழுப்பது எளிது. சுரங்க ரயில் பாதைகளில் ரேடியோ வேலை செய்வது இத்தகைய கேபிளால்தான். கட்டி முடித்துப் பூச்சு பூசி டைல்ஸ் ஒட்டியபின் அதையே செய்யச் சுவரைக் குடைய வேண்டும், செலவு பன்மடங்கு. அந்தக் குழாய் வழியை வரைபடத்தில் போட எங்களுக்கு ஒரு கோடு போதும்.

புதுக் கட்டடங்களுக்கு விதி வர வேண்டும். உள்ளூர்த் தீயணைப்பு நிலையத்தின் வாக்கிடாக்கியையே கொண்டுவந்து பேஸ்மென்ட், படிக்கட்டு, லிஃப்ட் முன்கூடம், பம்ப் அறை என்று நடந்து பேசிப் பார்த்த பிறகுதான் நிறைவுச் சான்றிதழ் தர வேண்டும். அதற்காக அரசிடம் போய்க் கேட்க வேண்டியதும் நம் பொறியாளர் சங்கங்கள்தான்.

ஆனால் விதி வரும்வரை இருக்கிற கட்டடங்களில் ஆட்கள் இறங்கிக்கொண்டே இருப்பார்கள். உங்கள் சங்கத்தின் அடுத்த கூட்டத்துக்கு முன், வெவ்வேறு நிறுவன சிம் போட்ட போன்களோடு நாலு பேர் கட்டடம் முழுக்க நடந்து பாருங்கள். அழைப்பு அறுகிற இடங்களை வரைபடத்தில் சிவப்பில் குறியுங்கள். செக்யூரிட்டியின் வாக்கிடாக்கியையும் சேர்த்துச் சோதியுங்கள். சிவப்பு விழுந்த ஒவ்வொரு இடத்திலும், முதலில் பம்ப் அறையிலும் சுத்திகரிப்பு நிலையத்திலும், பேட்டரியில் ஓடும் கம்பிவழி இன்டர்காம் ஒன்றைப் பொருத்தி அதன் மறுமுனையைக் கேட்டில் வையுங்கள். பெரிய செலவில்லை, ஓர் எலெக்ட்ரீஷியனால் முடிகிற வேலை. அதைப் பொருத்தும்வரை அங்கே இரவில் யாரையும் தனியாக இறக்காதீர்கள்.