வால் விசிறியை யார் பார்த்தது?

(இரண்டாமாண்டு மெக்கானிக்கல் மாணவன்)



"ஏண்டா, நீ மிசினுக்குத்தானே படிக்கிற? இது ஏன் இப்படிச் சுத்துது?"

கீரமங்கலம் பக்கம் பூப் பறித்தே காலம் கழித்த என் அப்பத்தா, செல்போனில் ஒரு காட்சியைப் பார்த்துவிட்டு என்னிடம் கேட்ட கேள்வி இது. எங்கள் வீட்டில் பத்தாம் வகுப்பைத் தாண்டியவன் நான் ஒருவன்தான். ஆகவே வீட்டில் ஃபேன் நின்றாலும் என்னைத்தான் கேட்பார்கள், வானத்தில் ஹெலிகாப்டர் சுற்றினாலும் என்னைத்தான் கேட்பார்கள்!

அது 2024-ஆம் ஆண்டு மே 24-ஆம் தேதி காலையில் நடந்தது. சிர்சி என்ற இடத்திலிருந்து ஆறு யாத்ரீகர்களை ஏற்றிக்கொண்டு கேதார்நாத்துக்கு வந்த ஹெலிகாப்டர், இறங்கும் நேரத்தில் கட்டுப்பாட்டை இழந்து பம்பரமாகச் சுற்றியது. ஹெலிபேடுக்குச் சுமார் 100 மீட்டர் தள்ளி, சரிவில் தரை தட்டியது. விமானி உட்பட ஏழு பேரும் பிழைத்தார்கள். பின்பக்கத்தில் ஏற்பட்ட தொழில்நுட்பக் கோளாறு என்று நிர்வாகம் சொன்னது.

அப்பத்தாவுக்கு நான் சொன்ன விளக்கம் இதுதான். மேலே பெரிய விசிறி ஒரு பக்கம் சுற்றினால், ஹெலிகாப்டரின் உடம்பு எதிர்ப்பக்கம் சுற்றப் பார்க்கும். நியூட்டனின் மூன்றாம் விதி! ஒர்க்ஷாப்பில் கை டிரில்லிங் மிஷினில் பிட் சிக்கிக்கொண்டால் மிஷின் நம் மணிக்கட்டை முறுக்குகிறதே, அதே சங்கதிதான். உடம்பைச் சுற்றவிடாமல் பிடித்து வைப்பது வாலில் உள்ள சின்ன விசிறி. கேதார்நாத்தோ சுமார் 3,580 மீட்டர் உயரம். அங்கே காற்று லேசு, இரண்டு விசிறிகளுக்கும் பிடிப்புக் குறைவு. கோளாறு வந்தால் சமாளிக்க நேரமும் இல்லை, இடமும் இல்லை.

பொறுமையாகக் கேட்ட அப்பத்தா திருப்பிக் கேட்டார்: "அப்ப அந்தச் சின்னதுதான் எல்லாரையும் காப்பாத்துதா? ஏத்துறதுக்கு முன்னாடி அதை யாரு பாத்தா?"

என்னால் பதில் சொல்ல முடியவில்லை. காரணம் இருக்கிறது.

பயிற்சிக்காக ஒரு பட்டறைக்குப் போயிருந்தேன். அங்கே ஒரு மினி பஸ்ஸுக்கு டயர் மாற்றினோம். பிரேக் ஆயில், வீல் நட், லைட் என்று ஒரு நோட்டில் வரிசையாகக் கட்டம் இருக்கும். "எல்லாத்துக்கும் டிக் போட்ருப்பா, ஆறு மணி டிரிப்புக்கு வண்டி போவணும்" என்றார் அண்ணன் ஒருவர். போட்டுவிட்டேன். ராத்திரி படுத்த பிறகுதான் உறைத்தது. அந்த பஸ் எங்கள் ஊரில்தான் ராத்தங்கும். விடிகாலை அதில்தான் என் அம்மா பூக்கூடையோடு மார்க்கெட்டுக்குப் போவார்!

நாலரை மணிக்கே ஓடினேன். டிரைவரை எழுப்பி ஸ்பேனர் வாங்கி ஒவ்வொரு நட்டாகப் பார்த்தேன். ஒரு நட்டு அரைச் சுற்று இறுகியது. வேலை அவசரம் என்று நான் யாரையும் கைகாட்ட மாட்டேன். டிக் போட்டது என் கை.

விபத்து நடந்தால் 'விதி' என்கிறோம். 2022 அக்டோபர் 18 அன்று கேதார்நாத் அருகே ஹெலிகாப்டர் விழுந்து ஏழு பேர் இறந்தார்கள், அதில் மூவர் சென்னைக்காரர்கள். 2025 மே 8 அன்று உத்தரகாசி மாவட்டத்தில் சாலையில் இறங்க முயன்ற ஹெலிகாப்டர் மேலே போன கம்பிவடத்தில் மோதி, ஆறு பேர் இறந்தார்கள். ஜூன் 15 அன்று கௌரிகுண்ட் அருகே இன்னொன்று விழுந்து, ஒரு குழந்தை உட்பட ஏழு பேர் போனார்கள். அதற்குப் பிறகுதான் இரண்டு நாள் சேவையை நிறுத்தினார்கள். ஒவ்வொன்றுக்கும் காரணம் வேறு வேறாக இருக்கலாம். ஆனால் உயிர் போன பிறகு நிறுத்துகிறவர்கள், போவதற்கு முன்னால் ஏன் நிறுத்தக் கூடாது?

என் கருத்து இதுதான். "இன்னிக்கு வண்டி எடுக்க முடியாது" என்று சொல்லும் விமானிக்கும் மெக்கானிக்குக்கும் ஒரு நாள் சம்பளம்கூடக் குறையக் கூடாது. டிக்கெட் வாங்கிய நாமும் "காசு குடுத்திருக்கோம்ல" என்று சண்டைக்கு நிற்கக் கூடாது. மேகம் மூடியிருந்தால் சாமி நாளைக்கும் அங்கேதான் இருப்பார்.

நமக்கும் ஒன்று உண்டு, நண்பர்களே! லேபில் ரீடிங் எடுக்காமல் சீனியர் ரெக்கார்டைப் பார்த்து எழுதுகிறோமே, அந்தப் பழக்கம்தான் நாளைக்குப் பார்க்காமல் டிக் போட வைக்கும். டிப்ளமோ முடித்து நம்மில் சிலர் பஸ் டெப்போவுக்குப் போவோம், சிலர் தொழிற்சாலைக்குப் போவோம். ஒருவேளை ஒருவர் ஹெலிகாப்டருக்கே ஸ்பேனர் பிடிக்கலாம். எங்கே போனாலும் நாம் கையெழுத்துப் போட்ட வண்டியில் யாரோ ஒருவருடைய அம்மா உட்கார்ந்திருப்பார்.

"யாரு பாத்தா?" என்று அப்பத்தா கேட்டால், "நான் பாத்தேன்" என்று சொல்லும்படி படிப்போம், உழைப்போம்!