சுயேச்சையின் பலம்

கட்சியின் துணையின்றிச் சட்டசபை புகுவது நமது நாட்டில் எளிதான காரியமன்று. 2001-ஆம் வருஷத்துத் தேர்தலில் திருநெல்வேலி ஜில்லா ராதாபுரம் வாசிகள் அதைச் சாதித்துக் காட்டினார்கள். 1996-இல் தமிழ் மாநிலக் காங்கிரஸின் பேரால் வென்ற ஸ்ரீ மு. அப்பாவுவை, 2001-இல் அவர் சுயேச்சையாக நின்றபோதும் அவர்கள் கைவிடவில்லை. ஸ்தானம் ஜனங்களுடையதேயன்றிக் கட்சிகளுடையதன்று என்பதற்கு வேறு அத்தாட்சி வேண்டுமோ?

ஆயினும், சுயேச்சை அங்கத்தினரின் நிலைமையை நாம் ஆராய்தல் வேண்டும். அயர்லாந்தில் தொகுதிதோறும் 3 முதல் 5 அங்கத்தினர் வரை தேர்ந்தெடுக்கப்படுகின்றனர். வோட்டர்கள் விருப்ப வரிசைப்படி வோட்டளிக்கின்றனர். ஆகவே அங்கே சுயேச்சைகள் பலர் வெற்றி பெறுகின்றனர். 2025 ஜனவரியில் அவர்களுள் சிலரது ஆதரவைக் கொண்டே மந்திரிசபை அமைந்தது. இங்கோ தொகுதிக்கு ஒருவரே, சுயேச்சை தனிமரம். தேர்தலுக்குப் பின் அவர் ஒரு கட்சியில் சேர்ந்தால் ஸ்தானத்தை இழப்பார் என்பது 1985-ஆம் வருஷத்துக் கட்சித்தாவல் தடைச் சட்டம். அவர் வாதாடலாம், பொக்கிஷத்தைத் திறக்க அவரால் இயலாது.

ராதாபுரம் பகுதிக்கு வேண்டியது வாதமன்று, தண்ணீர். தாமிரபரணியில் பெருகும் வெள்ளம் வீணே கடலில் கலக்க, ராதாபுரம், திசையன்விளை, சாத்தான்குளம் பக்கங்கள் வானம் பார்த்த பூமியாகவே கிடந்தன. அவ்வெள்ளத்தைக் கன்னடியன் கால்வாயிலிருந்து கருமேனியாறு, நம்பியாறுகளுக்குத் திருப்பும் திட்டம் 2009-இல் தொடங்கியது. அப்பொழுது ஸ்ரீ அப்பாவு, 2006-இல் தி.மு.க. அபேட்சகராக வென்று, ஆளுங்கட்சியில் அமர்ந்திருந்தார். ஏறக்குறைய 75 கிலோமீட்டர் நீளமுள்ள அக்கால்வாய் திறக்கப்பட்டது 2025 பிப்ரவரியில். கட்சி பலமும் சர்க்கார் பலமும் இருந்தும் 16 வருஷம் சென்றதெனில், தனித்து நிற்பவரின் கதி என்னவென்று சொல்லவும் வேண்டுமோ? தொகுதிக்கு நன்மை தேடும் எவரையும் நமது முறை கட்சியின் வாசலுக்கே துரத்துகிறது.

ஆனால் சுயேச்சைக்குச் சட்டம் இடமளித்துள்ள ஆசனம் ஒன்றுண்டு. 2021 மே மாதத்தில் ஸ்ரீ அப்பாவு தேர்ந்தெடுக்கப்பட்ட சட்டசபைத் தலைவர் பீடமே அது. கட்சித்தாவல் வழக்குகளில் தீர்ப்புக் கூறும் அதிகாரம் அப்பீடத்திற்குரியது. ஒரு காலத்தில் எந்தப் பூட்டுக்கு உட்பட்டிருந்தாரோ, அதன் சாவியே அவர் கைக்கு வந்தது! தலைவராகத் தேர்வானவர் தமது கட்சியை விட்டு விலகினால் ஸ்தானம் பறிபோகாது என்று அச்சட்டமே விலக்களித்திருக்கிறது. அச்சட்டம் பிறப்பதற்கு முன்பே, 1967-இல் லோக்சபைத் தலைவரான ஸ்ரீ நீலம் சஞ்சீவ ரெட்டி காங்கிரஸிலிருந்து விலகி வழிகாட்டினார்.

அவ்வழியைப் பின்பற்றியவர் எத்தனை பேர்? தம் கட்சிக்காரரின் வழக்கைத் தாமே விசாரிக்கும் நீதிபதியை எந்தக் கோர்ட்டும் சகிக்காது. சட்டசபை மட்டும் சகிப்பது எதற்காக? அப்பீடத்தில் அமர்பவர் எவராயினும், எக்கட்சியினராயினும், கட்சியைத் துறந்த பின்னரே அமர வேண்டுமென்று ஜனங்கள் வற்புறுத்த வேண்டும். ராதாபுரத்து வோட்டர்கள் 2001-இல் காட்டிய துணிவு, நாட்டின் சட்டசபைகளுக்கும் வருமாக!