பெட்டிக்கு வந்த பஞ்சம்

2025 ஜூலை 8-ந் தேதி காலை எட்டு மணிகூட ஆகவில்லை. கடலூருக்கும் ஆலப்பாக்கத்துக்கும் நடுவே, செம்மங்குப்பம் ரயில்வே கேட்டில், பள்ளிக்கூட வேன் ஒன்றின் மீது விழுப்புரம் - மயிலாடுதுறை பாசஞ்சர் மோதியது. மூன்று பிள்ளைகள் மாண்டுபோனார்கள். காப்பி ஆறுவதற்குள் நாம் எல்லோரும் நீதிபதிகளாகிவிட்டோம். கேட் கீப்பர் தூங்கினானா, டிரைவர் அவசரப்பட்டானா என்று கேட்டோம். கேட் கீப்பர் என்ன பாஷைக்காரன் என்றுகூட விசாரித்தோம்.

எனக்கு வேறொரு விசாரணை இருக்கிறது. அந்த கேட்டுக்கு அன்று 'இன்டர்லாக்கிங்' கிடையாது. ஸ்டேஷன் மாஸ்டர் போனில் கூப்பிடுவார். கேட் கீப்பர் மூடிவிட்டதாகச் சொல்லி ஒரு ரகசிய எண்ணைக் கொடுப்பான். அந்த எண்தான் சாட்சி. கேட் திறந்திருக்கிறதா, மூடியிருக்கிறதா என்பது சிக்னலுக்குத் தெரியாது.

இன்டர்லாக்கிங் உள்ள இடத்தில் தண்டவாளத்தோரம் கான்கிரீட் மேடையில் ஓர் இரும்புப் பெட்டி நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். அதற்குள் வரிசையாகச் சட்டத்தில் பொருத்திய ரிலேக்கள். கேட் பூட்டப்பட்டால்தான் அவை சிக்னலுக்குப் பச்சை கொடுக்க விடும். மின்சாரம் அறுந்தால் ரிலேயின் நாக்கு தன் எடையாலேயே கீழே விழும், சிக்னல் சிவப்பாகும். அதனால்தான் ரிலேயைச் சாய்க்காமல் செங்குத்தாக மாட்டுகிறார்கள். மனிதன் தவறினாலும் பூமியின் இழுப்பு தவறாது என்று நம்பி ஒருவன் யோசித்திருக்கிறான். அவனுக்கு ஒரு கும்பிடு!

அந்தப் பெட்டியை எந்த கேட்டுக்குக் கொடுப்பது? அதற்கு ஒரு கணக்கு. நாளொன்றுக்குப் போகும் ரயில்களையும் சாலை வண்டிகளையும் பெருக்க வேண்டும். 20,000 வந்தால் பெட்டி, வராவிட்டால் போன். இந்தக் கணக்கில் ஒரு வேன் என்பது ஒரு வண்டி. உள்ளே எத்தனை பிள்ளைகள் என்பதற்கு அதில் இடமில்லை. விபத்துக்குப் பிறகு 20,000-ஐ 10,000 ஆகக் குறைத்தார்கள். எண் பாதியாக இறங்க மூன்று பிள்ளைகளைக் கொடுக்க வேண்டியிருந்தது!

"பெட்டியை நம்பலாமா? பாலசோரை மறந்துவிட்டீரா?" என்று இன்ஜினீயர் நண்பர் ஒருவர் என்னை மடக்கினார். மறக்கவில்லை. 2023 ஜூன் 2-ந் தேதி அங்கே 290 பேருக்கு மேல் இறந்தார்கள். மெயின் லைனுக்குப் பச்சை காட்டிய சிக்னல், கோரமண்டல் எக்ஸ்பிரஸை லூப் லைனில் நின்ற கூட்ஸ் வண்டியின் மேல் அனுப்பிவிட்டது. அங்கும் ஒரு கேட் வேலைதான். பெட்டியைத் திறந்து ஒயரை மாற்றியதில் தவறு என்று விசாரணையில் தெரிந்தது. ரிலே அறைகளுக்கு இரட்டைப் பூட்டு ஒழுங்காக இருக்கிறதா என்று பிறகு தேடித் தேடிப் பார்த்தார்கள். இதிலிருந்து நண்பர் பெட்டி வேண்டாம் என்கிறார். பூட்டை உடைத்துத் திருடன் வந்தால் கதவையே கழற்றிவிடுவோமா?

பெட்டிக்குப் பராமரிப்பும் வேண்டும், வாஸ்தவம். செம்மங்குப்பத்தில் கடல் உப்பும் சிப்காட் ஆலைக் காற்றும் சேர்ந்து ஜன்னல் கம்பியையே தின்றுவிடும். கேபிள் நுழையும் துவாரத்தை அடைக்காவிட்டால் எலி குடியேறும். கதவின் ரப்பர் நைந்தால் ஐப்பசி மழை உள்ளே போகும். அதைப் பார்க்க ஆள் போடுங்கள்.

எல்லா கேட்டுகளுக்கும் கேமரா வைக்கவும் அப்போது உத்தரவாயிற்று. கேமரா பார்க்கும், சிக்னலைப் பிடித்து நிறுத்துமா? நாளைக்கு 9,999 என்று கணக்கு வந்த ஒரு கேட்டில் வேன் ஏறுகிறபோது, அங்கே போனும் ஒரு மனிதனும்தான் இருப்பார்கள். கம்பத்தின் மேலே கேமரா இருக்கும்.