யாரை ஏமாற்றினோம்?

ஏமாறு என்பது தன்வினை. ஏமாற்று என்பது பிறவினை. பிறவினை என்றால் எதிரே இன்னொருவர் இருக்க வேண்டும் என்று முதலாண்டு மாணவிகளுக்குச் சொல்லித்தருகிறோம். அப்படியானால் ‘சீட் மீல்’ என்று பெண்கள் சொல்லும்போது அந்த இன்னொருவர் யார்?

ஆறு நாள் அளந்து சாப்பிட்ட ஒருத்தி ஏழாம் நாள் ஒரு தட்டு பிரியாணி சாப்பிடுகிறாள். அதற்கு ஏமாற்றுச் சாப்பாடு என்று பெயர். அவள் சம்பாதித்த காசு, அவள் வயிறு, அவள் ஞாயிற்றுக்கிழமை. யாருடைய பங்கையும் அவள் பிடுங்கவில்லை. ஆனாலும் “இன்னைக்கு மட்டும்தான்”, “காலையிலிருந்து எதுவும் சாப்பிடல”, “நாளைக்குச் சரிபண்ணிடுவேன்” என்று சுற்றியிருப்பவர்களிடம் முன்ஜாமீன் வாங்கிக்கொண்டுதான் முதல் கவளத்தை எடுக்கிறாள். வகுப்பறையில் கேட்கிறேன், ஆசிரியர் அறையில் கேட்கிறேன், கல்யாணப் பந்தியிலும் கேட்கிறேன். எந்த ஆணும் தன் இலைக்கு முன்னால் இப்படி வாக்குமூலம் கொடுத்து நான் பார்த்ததில்லை.

இந்தச் சொல்லை நாம் தூக்கிப்போட வேண்டும். எடை குறைப்பதை விடச் சொல்லவில்லை. நானும் எடை குறைத்துக்கொண்டிருப்பவள்தான். மூன்றாம் மாடி வகுப்புக்கு ஏறும்போது முழங்கால் பேசுகிறது. என் குடும்பத்தில் ஐம்பதைத் தாண்டிய பெண்கள் எல்லோருக்கும் சர்க்கரை. தெற்காசிய உடல்களுக்கு ஐரோப்பியரைவிடக் குறைந்த எடையிலேயே சர்க்கரை நோய் வருகிறது என்பது மருத்துவம் ஏற்றுக்கொண்ட உண்மை. எடை குறைக்க நினைப்பதே ஆணாதிக்கத்துக்குப் பணிவது என்று சொல்லும் தோழிகள் எனக்குண்டு. அவர்களிடம் நான் சொல்வது இதுதான்: வலி என்னுடையது, கால் என்னுடையது, முடிவும் என்னுடையது. அதே காரணத்தால்தான் என் தட்டும் என்னுடையது என்கிறேன். நான் உடல்நலத்துக்காகச் செய்யும் ஒரு வேலையை என் ஒழுக்கத்துக்கு வைத்த தேர்வாக மாற்ற யாருக்கும் உரிமை இல்லை.

*

நம் பெண்களுக்கு எடை எங்கிருந்து ஏறுகிறது? மாதம் இரண்டு முறை சாப்பிட்ட பிரியாணியிலிருந்தா?

தேசியக் குடும்பநல ஆய்வின் 2019–21 கணக்கைப் பாருங்கள். தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 40.4 விழுக்காட்டினர் அதிக எடை உள்ளவர்கள். அதே ஆய்வில், அதே வயதுப் பெண்களில் 53.4 விழுக்காட்டினருக்கு இரத்தசோகை. இரண்டு எண்களையும் கூட்டினால் நூறுக்கு அருகே வருகிறது என்பதற்காக இவர்களை இரண்டு தனித்தனிக் கூட்டம் என்று நினைத்துவிட வேண்டாம். பல நேரம் இரண்டும் ஒரே உடலில் இருக்கின்றன. அளவுக்கு மேல் தின்றவளின் உடல் இல்லை அது. வயிறு நிறைந்து, சத்து சேராத உடல்.

அது எப்படி உருவாகிறது என்பதைக் காண எந்த ஆய்வுக்கூடமும் வேண்டாம். ராத்திரி பத்து மணிக்கு நம் வீட்டு அடுப்படியில் நின்றால் போதும். மீன்துண்டு ஆண்களுக்கும் பிள்ளைகளுக்கும் போய்விட்டது. சட்டியில் குழம்பு இருக்கிறது, பானையில் சோறு இருக்கிறது. வீணாகக் கூடாது என்று இரண்டையும் பிசைந்து, நின்றுகொண்டே, பாத்திரம் கழுவுவதற்கு முன்னால் அவள் சாப்பிடுகிறாள். பிள்ளை வைத்த பாதி இட்லி, மாமனார் தொடாத உப்புமா எல்லாம் அவள் கணக்கில்தான் சேருகிறது. காசிமேட்டில் விடியுமுன் ஏலத்துக்கு நிற்கும் பெண்களுக்குக் காலைச் சாப்பாடு டீயும் பன்னும். இன்னும் இரண்டு டீக்குப் பிறகுதான் சோறு. இந்தச் சோற்றில் ருசி இல்லை, உட்கார நேரம் இல்லை, இரும்புச்சத்தும் இல்லை. எடை மட்டும் இருக்கிறது.

இதை யாரும் ஏமாற்றுச் சாப்பாடு என்று சொல்வதில்லை. குடும்பப் பொறுப்பு என்கிறார்கள். மிச்சத்தைத் தின்று பருத்தால் தியாகி, ஆசைப்பட்டுத் தின்றால் குற்றவாளி. உண்மையில் எடை குறைக்க வேண்டுமானால் முதலில் நிறுத்த வேண்டியது அந்தப் பத்து மணிச் சட்டி வழித்தலைத்தான். விருந்தை இல்லை.

*

நம் இலக்கியமும் இதில் கைசுத்தமாக இல்லை. தமிழ்க் கவிதை இரண்டாயிரம் ஆண்டுகளாகப் பெண்ணின் இடையைத் தேய்த்துக்கொண்டே வந்திருக்கிறது. கொடியிடை, நூலிடை, மின்னலிடை, கடைசியில் இருக்கிறதா இல்லையா என்று தெரியாத இடை. இலக்கிய நயம் என்று இதற்கு ஐந்து மதிப்பெண் கொடுத்துவந்த வகுப்பறைகளில்தான் நானும் படித்தேன்.

மணிமேகலையில் காயசண்டிகையின் கதை இருக்கிறது. பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை பழுக்கும் நாவற்கனி. அதை உண்ணக் காத்திருக்கிறான் விருச்சிக முனிவன். காயசண்டிகை அந்தக் கனியைக் காலால் சிதைத்துவிடுகிறாள். பன்னிரண்டு ஆண்டு தீராத பசியில் வருந்து என்று சாபமிடுகிறான். யானைத்தீ என்று அந்த நோய்க்குப் பெயர். மாணவிகளிடம் நான் கேட்பது உண்டு: பன்னிரண்டு ஆண்டு காத்திருந்து ஒரு கனி உண்ணும் முனிவனின் அந்த ஒருவேளை உணவுக்கு யாராவது ஏமாற்று என்று பெயர் வைத்தார்களா? அது தவத்தின் பகுதி. அவன் பசி தவம், அவள் பசி நோய். ஆனால் சாத்தனார் அதோடு விடவில்லை. ஆதிரை இட்ட முதல் பிச்சையை ஏந்திய அமுதசுரபியிலிருந்து மணிமேகலை அள்ளிக் கொடுத்தபோதுதான் காயசண்டிகையின் பசி தீர்கிறது. ஒரு பெண் இட்டாள், ஒரு பெண் கொடுத்தாள், ஒரு பெண் உண்டாள். இவர்களில் ஒருத்திகூட அளவு கேட்கவில்லை.

எங்கள் திருவொற்றியூரில் கடலோரம் பட்டினத்தார் சமாதி இருக்கிறது. பெண்ணுடலை அருவருத்து அவர் பெயரில் வழங்கும் பாடல்களைத் தமிழ் படித்த எவரும் அறிவர். பேய்க்கரும்பு எங்கே இனிக்கிறதோ அங்கே முக்தி என்பது அவர் கதை. அந்தக் கரும்பு இனித்தது எங்கள் ஊரில். சதையை அத்தனை வைத சித்தருக்கே விடுதலை நாக்கின் வழியாகத்தான் வந்திருக்கிறது. பெண்ணுக்கு மட்டும் நாக்கு எதிரியாம்.

*

சரி, கவிதையை விடுங்கள், அறிவியல் என்ன சொல்கிறது என்பார்கள். 1944இன் இறுதியில் அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்சல் கீஸ் என்பவர் 36 இளைஞர்களை வைத்து ஒரு பட்டினிப் பரிசோதனை தொடங்கினார். போரில் ஆயுதம் ஏந்த மறுத்து, தாங்களாக முன்வந்தவர்கள் அவர்கள். ஆறு மாதம் நாளொன்றுக்குச் சுமார் 1,570 கலோரி கொடுத்தார்கள். எடை குறைந்தது. கூடவே எரிச்சலும் சோர்வும் வந்தன. சாப்பாட்டைத் தவிர வேறு நினைப்பு அற்றுப்போனது. சமையல் புத்தகங்களைச் சேர்த்துவைத்துப் படித்தார்கள். கட்டுப்பாடு நீங்கிய பிறகு, எவ்வளவு தின்றும் சிலருக்குப் பசி அடங்கவில்லை.

அவர்கள் ஆண்கள், வாரத்துக்கு 22 மைல் நடக்கவைக்கப்பட்டவர்கள். நம் கணக்கு வேறுதான். ஆனால் இன்று பெண்களின் கைபேசிகளில் சுற்றிவரும் டயட் சார்ட்டுகள் பலவற்றில் 1,200 கலோரி என்றிருக்கிறது. பட்டினிப் பரிசோதனை என்று பெயர் சூட்டியவர்கள்கூட அவ்வளவு கீழே போகவில்லை. மூன்றாம் வாரத்தில் அதை விட்டுவிடும் பெண்ணுக்கு மன உறுதி இல்லை என்கிறோம். பசி தன் வேலையைச் செய்தது என்று சொல்வதில்லை.

நம்மை அளக்கும் பிஎம்ஐ என்ற பெயரை 1972இல் பிரபலமாக்கியவரும் இதே கீஸ்தான். ஏழாயிரத்துக்கும் மேற்பட்டவர்களை அளந்து அந்த முடிவுக்கு வந்தார். அத்தனை பேரும் ஆண்கள்.

ஒன்றை மட்டும் பயமில்லாமல் மனத்தில் வையுங்கள். ஒருவேளை விருந்தால் யாரும் பருத்துவிடுவதில்லை. மறுநாள் காலை மெஷின் காட்டும் கூடுதல் எடையில் பெரும்பகுதி உப்பும் மாவுச்சத்தும் பிடித்துவைத்த தண்ணீர். இரண்டு மூன்று நாளில் அது இறங்கிவிடும். இறங்காமல் தங்குவது, அந்த எண்ணைப் பார்த்துவிட்டு நம்மை நாமே வைதுகொண்ட பேச்சுதான். இன்சுலின் போட்டுக்கொள்பவர்கள் மருத்துவரைக் கேட்டு அளவை முடிவுசெய்யட்டும். அதுவும் மருத்துவக் கணக்குதான், பாவக் கணக்கு இல்லை.

*

டயட் உலகில் இன்னொரு சொல்லும் உண்டு, ‘க்ளீன் ஈட்டிங்’. சுத்தமான சாப்பாடு. இந்தச் சொல்லைக் கேட்டால் வடசென்னையில் வளர்ந்தவளுக்கு வேறொன்று நினைவுக்கு வரும். கருவாடு வறுத்தால் வீட்டைக் காலி செய் என்ற வீட்டுக்காரர்கள், மாட்டுக்கறி டப்பாவைத் தள்ளிவைத்துத் திறக்கச் சொன்ன விடுதிகள். எது சுத்தம், எது அசுத்தம் என்று சாதி நமக்கு ஏற்கெனவே ஒரு டயட் சார்ட் கொடுத்திருந்தது. இப்போது அதையே ஆங்கிலத்தில் தருகிறார்கள். முள்ளோடு தின்னும் நெத்திலியில் சுண்ணாம்புச்சத்து இருக்கிறது, மாட்டுக்கறியில் இரும்பு இருக்கிறது, கருவாட்டில் புரதம் இருக்கிறது. இரத்தசோகை பிடித்த ஊரில் இவற்றை ஓட்ஸுக்கும் சியா விதைக்கும் கீழே வைப்பது எந்தச் சத்துக் கணக்கிலும் சேராது.

நோன்பும் விருந்தும் எங்கள் பக்கத்துக்குப் புதிதில்லை. ராயப்பர் பெயரால் வழங்கும் ராயபுரத்தில் தவக்காலத்து நாற்பது நாள் கறி வாங்காத வீடுகள் உண்டு. மண்ணடியிலும் பழைய வண்ணாரப்பேட்டையிலும் ரமலான் உண்டு. ஆடியில் அம்மன் கோயில் கூழும் கருவாட்டுக் குழம்பும் உண்டு. ஏப்ரல் 15 முதல் 61 நாள் கடலுக்கே நோன்பு. விசைப்படகுகள் கரையில் நிற்கும், மீன் இனம் பெருகும். ஜூன் நடுவில் படகுகள் திரும்பும்போது நாங்கள் வஞ்சிரம் வறுத்தால், தடைக்காலத்தை ஏமாற்றிவிட்டோம் என்று யாரும் சொல்வதில்லை. ஈஸ்டர் பிரியாணி தவக்காலத்துக்குத் துரோகம் இல்லை. நோன்பும் விருந்தும் ஒரே காலண்டரில் அடுத்தடுத்த தேதிகள்.

இந்தக் காலண்டரையும் நான் அப்படியே தூக்கிப்பிடிக்கவில்லை. விரதம் இருப்பவள் பெண், விருந்து சமைப்பவள் பெண், கடைசிப் பந்தியில் உட்காருபவளும் பெண். கணவன் ஆயுளுக்காகப் பட்டினி கிடந்தது அந்த நாள், கணவன் கண்ணுக்காகப் பட்டினி கிடப்பது இந்த நாள். அதனால்தான் எனக்கு வீட்டு விருந்தைவிடத் தெருவோர விருந்து பிடித்திருக்கிறது. அங்கே நான் சமைக்க வேண்டாம்.

1962இன் ராணுவ ஆட்சிக்குப் பிறகு கடைகண்ணிகளை இழந்து பர்மாவிலிருந்து திரும்பிய தமிழர்கள் கப்பலில் கொண்டுவந்த சாப்பாடு அத்தோ. பீச் ஸ்டேஷன் பக்கத்துத் தெருக்களில் சாயங்காலம் வண்டிகள் நிற்கும். நூடுல்ஸ், சீவிய கோஸ், பொரித்த வெங்காயம், பூண்டு எண்ணெய், புளித்தண்ணீர், மிளகாய்த்தூள், நொறுக்கிய பேஜோ எல்லாவற்றையும் கையால் பிசைந்து, பக்கத்தில் வாழைத்தண்டு சூப் ஊற்றித் தருவார்கள். நடுவில் கீறி வெங்காயமும் புளியும் அடைத்த முட்டையும் உண்டு. உடமையெல்லாம் போன பிறகும் ருசியை விடாதவர்களின் உணவு அது. மாதம் ஒருமுறை போகிறேன். எண்ணெய் உண்டு, மாவு உண்டு, எனக்குத் தெரியும். மறுநாள் பட்டினி கிடந்து அதை ஈடுகட்டுவதில்லை. வழக்கமான இட்லியை வழக்கமான அளவில் சாப்பிடுகிறேன்.

*

கடைசியாக, ஏமாற்றியவர்களைப் பற்றி.

நடங்கள் என்கிறார் மருத்துவர். எங்கே நடப்பது? எண்ணூர் விரைவுச்சாலையில் கண்டெய்னர் லாரிகள் வரிசைகட்டி நிற்கின்றன. அந்தப் புகையில், அந்த இருட்டில் ஒரு பெண் ஐந்து மணிக்கு நடைப்பயிற்சி போக முடியுமா? 2017 ஜனவரியில் காமராசர் துறைமுகத்துக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதி எண்ணெய் கரையேறியது. வாளியால் அள்ளினார்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலி ஆலைப் பகுதியிலிருந்து எண்ணெய் வந்து எண்ணூர் கழிமுகத்தை மூடியது. மறுபடியும் வாளி, மக், வெறுங்கை. அதே மாதம் 26ஆம் தேதி இரவு உர ஆலைக்குச் செல்லும் கடலடிக் குழாயில் அம்மோனியா கசிந்து, பெரியகுப்பத்துப் பெண்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். கொசஸ்தலை ஆற்றில் அனல்மின் நிலையத்துச் சாம்பல் படிந்திருக்கிறது. அந்தச் சேற்றைக் கையால் துழாவி இறால் பிடிக்கிறார்கள் பெண்கள்.

இந்த ஆலைகளில் எதுவும் ‘இன்னைக்கு மட்டும்தான்’ என்று நம்மிடம் முன்ஜாமீன் கேட்கவில்லை. மூச்சுக்குள் போவதற்கும் மீனுக்குள் போவதற்கும் அவர்கள் வீட்டில் சார்ட் ஒட்டவில்லை. நம் உடலைக் கெடுத்தவர்கள் கணக்குக் காட்டாத ஊரில், ஒரு தட்டுச் சோற்றுக்கு நாம் கணக்குக் காட்டிக்கொண்டிருக்கிறோம். உங்கள் உடல்நலத்தின்மேல் ஊருக்கு அக்கறை இருந்தால் நடக்க ஒரு பூங்கா கேளுங்கள், சுத்தமான ஆறு கேளுங்கள், பள்ளியில் பெண்பிள்ளைகளுக்கு விளையாட்டு மைதானம் கேளுங்கள். அதைக் கேட்காதவர்கள் உங்கள் இடுப்பைப் பற்றிப் பேசினால் காது கொடுக்காதீர்கள்.

எடை குறைக்க வேண்டுமென்றால் குறையுங்கள். வீட்டில் எல்லோரோடும் சேர்ந்து உட்கார்ந்து, உங்கள் பங்கு மீன்துண்டை முதலிலேயே எடுத்து வைத்துக்கொண்டு குறையுங்கள். விருந்து நாளில் முழுதாக உண்ணுங்கள், உட்கார்ந்து உண்ணுங்கள், யாராவது பரிமாற உண்ணுங்கள். அதற்கு நம் மொழியில் விருந்து என்ற நல்ல சொல் இருக்கிறது. ஏமாற்று என்ற சொல்லை அதற்கு உரியவர்களுக்கு வைத்துக்கொள்வோம். அவர்கள் முகவரி மணலியிலும் எண்ணூரிலும் இருக்கிறது.