லயத்துக்கு ஒரு ஜெனரேட்டர் போதும்



2022இல் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை கரண்ட் இல்லாமல் இருந்ததை நாம் மறக்கவில்லை. 2025 பெப்ரவரி 9ஆம் திகதி முழு நாடும் இருளில் மூழ்கியது. அதே வருடம் நவம்பர் கடைசியில் டித்வா புயல் வந்தது. அதன்பிறகு பெற்றோர் என்னிடம் கேட்பது ஒன்றுதான்: "டீச்சர், தவணைக்கு ஒரு சின்ன ஜெனரேட்டர் எடுக்கலாமா?"

வீட்டுக்கொன்று வேண்டாம் என்பதே என் கருத்து. நுண்கடன் கட்டவே பலருக்குச் சம்பளம் போதவில்லை. லயமாகச் சேர்ந்து ஒன்று எடுப்போம்.

கணக்கைப் பாருங்கள். ஒரு எல்.ஈ.டி. பல்புக்கு 9 வோட்ஸ், போன் சார்ஜருக்கு 20 வோட்ஸ் என்று வைப்போம். வீட்டுக்கு இரண்டு பல்பும் ஒரு போனும் என்றால், பத்து வீட்டுக்கும் 380 வோட்ஸ்தான். 1000 வோட்ஸ் பெற்றோல் ஜெனரேட்டர் இதைத் தாராளமாகத் தாங்கும். மணித்தியாலத்துக்கு ஏறத்தாழ அரை லீற்றர் குடிக்கும். இரண்டு பல்புக்காக ஓட்டினாலும் எண்ணெய் பெரிதாகக் குறையாது. ஆனால் கேத்தல், ரைஸ் குக்கர், அயன் இதில் போடக்கூடாது.

முக்கியமான விஷயம் புகை. அதிலுள்ள காபனோரொட்சைட்டுக்கு நிறமுமில்லை, மணமுமில்லை. தூக்கத்திலேயே ஆளைக் கொல்லும். லயத்தில் சுவரும் கூரையும் பொது. ஒரு காம்பராவில் ஓடினால் பக்கத்துக் காம்பராப் பிள்ளைக்கும் ஆபத்து. மழையென்று இஸ்தோப்புக்குள்ளும் வைக்காதீர்கள். லயத்திலிருந்து 20 அடிக்கு அப்பால், நாலு பக்கமும் திறந்த தகரக் கூரைக்குக் கீழ் வையுங்கள்.

பெற்றோலை அடுப்பங்கரையில் வைக்கக்கூடாது. எஞ்சினை நிறுத்தி, சூடு ஆறிய பிறகே ஊற்ற வேண்டும். விலை குறைவென்று மண்ணெண்ணெய் கலக்காதீர்கள். மாதக்கணக்கில் சேர்த்து வைத்த பெற்றோலும் கெட்டுவிடும். சுவர் பிளக்கில் நேரே குத்திக் கரண்ட் கொடுத்தால், கம்பத்தில் வேலை செய்பவரின் உயிர் போகும். சேஞ்ச் ஓவர் சுவிட்ச் போட்டு வயர் இழுப்பது எலக்ட்ரீஷியன் வேலை.

இது நம் கடமை. நிர்வாகத்தின் கடமை வேறு. கரண்ட் போனால் பெக்டரி ஜெனரேட்டர் ஓடுகிறது. கொழுந்து கெடக்கூடாது, சரிதான். ஆனால் அந்தக் கொழுந்தைப் பறித்த தாய் குப்பி லாம்பு கொளுத்துகிறாள். சாதாரண தரப் பரீட்சைக்குப் படிக்கும் அவள் மகள் அந்தப் புகையில் கண்ணைக் கசக்குகிறாள். தோட்ட டிஸ்பென்சரிக்கும் பிள்ளை மடுவத்துக்கும் ஜெனரேட்டர் தரவேண்டும். லயத்து ஜெனரேட்டரின் பெற்றோல் செலவில் பாதியை நிர்வாகம் ஏற்க வேண்டும்.

அடுத்த தோட்டக் கமிட்டிக் கூட்டத்தில் இந்த இரண்டு கோரிக்கையையும் உங்கள் தலைவரிடம் எழுத்தில் கொடுங்கள். கொழுந்துக்குக் கிடைக்கும் வெளிச்சம் நம் பிள்ளைகளுக்கும் கிடைக்கட்டும்.