அவர்கள் சுவைத்தால் ரசனை, நாம் இறக்கினால் குற்றமா?

அடி அண்ணாமலை:

இங்கிருந்து பெங்களூர் ஏறக்குறைய 200 கிலோமீட்டர். நம் பக்கத்துக் கூலி மக்கள் கட்டட வேலைக்கு மூட்டை கட்டிக்கொண்டு போகும் ஊர். அவர்கள் சாரம் கட்டி, கலவை சுமந்து எழுப்பிய மாடிகளில் இன்று ஒரு புது வியாபாரம் கொழிக்கிறது. கடைக்குள்ளேயே பளபளக்கும் அண்டாக்கள் வைத்து வகை வகையாக பீர் வடிக்கிறார்கள்.

மரப்பலகையில் நாலைந்து சிறு கோப்பைகள் வரிசையாக வருகின்றன. ஒன்று கோதுமை பீர். ஒன்று கசப்பு மிகுந்தது. ஒன்று வறுத்த பார்லியில் வடித்த கறுப்பு பீர். கனவான்கள் முகர்கிறார்கள், நாக்கில் உருட்டுகிறார்கள், “இதில் ஆரஞ்சுத் தோல் மணம், அதில் காப்பி வாசம்” என்று தீர்ப்புச் சொல்கிறார்கள். 2025-26-ஆம் ஆண்டுக்குத் தமிழ்நாட்டில் நூறு நாள் வேலைக்கு அறிவித்த கூலி நாளுக்கு 336 ரூபாய். அங்கே பல கடைகளில் ஒரு பெரிய கோப்பையின் விலை இந்தக் கூலியைத் தாண்டும். இதற்குப் பெயர் ரசனையாம்!

நம் ஊர்ப் பனையில் ஏறி ஒருவர் ஒரு கலயம் கள் இறக்கட்டும். போலீஸ் வரும், கலயம் உடையும், மதுவிலக்குச் சட்டத்தில் வழக்குப் பதிவாகும். இதற்குப் பெயர் குற்றமாம்!

தோழர்களே! நாம் குடிக்கு வக்காலத்து வாங்க வரவில்லை. சம்பள நாளில் எத்தனை வீடுகளில் உலை ஏறவில்லை என்பதை நம் தாய்மார்களிடம் கேட்டால் தெரியும். நாம் கேட்பது இதுதான்: பணக்காரன் மேஜையில் இருந்தால் கலை, ஏழையின் கலயத்தில் இருந்தால் கள்ளத்தனம் என்பது என்ன நியாயம்?

அந்தக் கோப்பை யாருடையது?

கனவான்கள் மெச்சும் வகைகளின் பூர்வீகத்தைப் பாருங்கள். ‘போர்ட்டர்’ என்றால் மூட்டை தூக்குகிறவர். 18-ஆம் நூற்றாண்டு லண்டனில் சுமைத் தொழிலாளிகள் விரும்பிக் குடித்த கறுப்பு பீருக்கு அவர்கள் பெயரே நிலைத்தது. பெல்ஜியத்தின் ‘செசோன்’ பண்ணையாட்களுக்காக வடித்தது என்பார்கள். பிரஸ்ஸல்ஸ் பக்கத்து ‘லாம்பிக்’கை யாரும் ஈஸ்ட் போட்டுப் புளிக்க வைப்பதில்லை, காற்றிலும் மரப்பீப்பாயிலும் உள்ள நுண்ணுயிர்களே அந்த வேலையைச் செய்கின்றன. ஆகா, இயற்கையின் அதிசயம் என்கிறார்கள். நம் கள்ளுக்கு மட்டும் யார் ஈஸ்ட் போட்டார்கள்?

‘இந்தியா பேல் ஏல்’ என்று ஒன்று உண்டு. கம்பெனி ஆட்சியில் இங்கே இருந்த துரைமாருக்காக லண்டன் ஹாட்ஜ்சன் ஆலையிலிருந்து கப்பலேறி வந்த வகை அது. துரைக்குக் கடல் கடந்து பீர் வந்தது. நம் பனைக்கு வரி வந்தது. 1886-ஆம் ஆண்டு சென்னை ஆப்காரிச் சட்டம் மரத்தையும் கடையையும் சர்க்கார் கஜானாவோடு சேர்த்துக் கட்டியது.

நமக்கும் வகைகள் இருந்தன. நறவு, தேறல், மட்டு என்று சங்க நூல்கள் பேசுகின்றன. நெல்லில் வீட்டிலேயே வடித்த தோப்பி பெரும்பாணாற்றுப்படையில் வருகிறது. பெங்களூர்க்காரர் இன்று கண்டுபிடித்ததாகப் பெருமைப்படும் கைவேலையைத் தமிழ்நாட்டுக் குடிசை ஈராயிரம் ஆண்டுக்கு முன்பே அறிந்திருந்தது.

பனையேறியின் திறமை என்ன குறைச்சலா? பாளையைப் பக்குவமாக நசுக்கி, நாள்தோறும் மெல்லச் சீவி, கலயம் கட்டி இறக்குகிறார். கலயத்துக்குள் சுண்ணாம்பு தடவினால் பதநீர், தடவாவிட்டால் கள். காலையில் இனிக்கும், உச்சியில் புளிக்கும், மாலையில் சுள்ளென்று ஏறும். கை தவறினால் சுவை கெடும். கால் தவறினால் உயிர் போகும்.

சர்க்காரின் கணக்கு

1937-ல் சேலம் ஜில்லாவில் மதுவிலக்கு வந்தது, 1948-ல் மாகாணம் முழுவதற்கும் பரவியது, 1971-ல் விலக்கிக்கொள்ளப்பட்டது. பிறகு கடைகள் மூடுவதும் திறப்பதுமாக இருந்தன. 1987 ஜனவரி முதல் தேதியிலிருந்து சாராயத்தோடு கள்ளுக்கும் தடை. ஆனால் சீமைச் சரக்குக்குத் தடை இல்லை. 2003-ல் சில்லறை விற்பனையையே டாஸ்மாக் எடுத்துக்கொண்டது. 2023-24-ல் இதன் மூலம் சர்க்காருக்கு வந்த வருமானம் 45,000 கோடி ரூபாய்க்கு மேல்.

கள்ளில் போதைச் சத்து நூற்றுக்குச் சுமார் 4 முதல் 6 பங்கு. டாஸ்மாக் பிராந்தியில் 42.8 பங்கு. குறைந்ததை இறக்கினால் சிறை. கூடியதைச் சர்க்காரே விற்கும்! சரக்கைத் தயாரிப்பவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடிய தனியார் ஆலை முதலாளிகள். மரமோ ஊரெல்லாம் நிற்கிறது, அதில் ஏறுபவன் ஏழை. முதலாளிக்கு அதில் என்ன லாபம்? இதுதான் தடையின் ரகசியம்!

1978-ல் பனையை மாநில மரமாக அறிவித்தார்கள். மரத்துக்கு மரியாதை, ஏறுபவனுக்கு விலங்கு!

கலப்படம் என்ற சாக்கு

கள்ளில் குளோரல் ஹைட்ரேட் கலக்கிறார்கள் என்பது மந்திரிமாரின் பழைய வாதம். கலந்தவன் யார்? ஏலமெடுத்த கான்ட்ராக்டர். ஒரு மரம் தரும் அளவுக்கு மேல் விற்று லாபம் குவிக்க நினைத்தவன் அவன். அவனைத் தண்டிக்காமல் தொழிலையே ஒழித்தார்கள். ஒழித்ததால் விஷம் ஒழிந்ததா? 2024 ஜூனில், நம் ஜில்லாவை ஒட்டிய கள்ளக்குறிச்சியில், கருணாபுரம் கூலி மக்கள் உள்ளிட்ட 60 பேருக்கு மேல் மெத்தனால் கலந்த சாராயத்துக்குப் பலியானார்கள். தடை இருந்தும் விஷம் ஊருக்குள் வந்தது.

கேரளத்தைப் பாருங்கள். அங்கே கள் இறக்குவது சட்டப்படியான தொழில். தொழிலாளிக்குச் சங்கம் உண்டு. 1969-ஆம் ஆண்டுச் சட்டப்படி நலநிதி உண்டு.

மில் தோழரே! இன்னொன்றும் நினைவில் கொள்வோம். இங்கிலாந்தில் 1883-ஆம் ஆண்டு, சாராயக் கடையில் வைத்துச் சம்பளம் கொடுக்கக் கூடாது என்று சட்டம் வந்தது. விவசாயத் தொழிலாளிக்குக் கூலியில் ஒரு பகுதியாக மது கொடுப்பதை 1887-ஆம் ஆண்டுச் சட்டம் தடுத்தது. ஒரு கையால் கொடுத்த கூலியை மறு கையால் புட்டி வழியே பறிப்பது பழைய முதலாளித் தந்திரம். இன்று அதையே சர்க்கார் கடை போட்டுச் செய்கிறது. கூலி உயர்வுக்குப் போராடும் நாம், அந்தக் கூலி வீடு போய்ச் சேரவும் போராட வேண்டும்.

ஆகவே கேட்கிறோம்:

பனையேறிகள் மீதுள்ள கள் வழக்குகளை வாபஸ் வாங்கு!

ஏலமும் கான்ட்ராக்டரும் இல்லாமல், இறக்குபவர்களின் கூட்டுறவுச் சங்கத்துக்கே உரிமம் கொடு! மரத்தை எண்ணி, கள்ளை அளந்து, கலப்படத்தைச் சோதி!

மரத்திலிருந்து விழுந்தவரின் குடும்பத்துக்கு நலநிதி கொடு!

டாஸ்மாக் கடைகளைப் படிப்படியாக மூடு! ஏழையின் ஈரலை நம்பிக் கஜானா நடத்தாதே!

பெங்களூர்க் கனவான் தன் கோப்பையை முகரட்டும். அதில் நமக்குச் சண்டை இல்லை. அதே நியாயம் பனையடியில் நிற்பவனுக்கும் வேண்டும். தானாக அது வராது. பனையேறியும் பண்ணையாளும் மில் தொழிலாளியும் ஒன்றாகக் கேட்டால்தான் வரும்!